பள்ளத்தாக்கைக் கவிழ்த்துப் பார்த்தோம்

சித்திரை வெயிலில் பேத்தி பள்ளத்தூருக்கு வந்து இறங்கியபோது அவள் பையில் ஓர் எதிர்ச்சொல் பயிற்சித்தாள் இருந்தது. பத்துச் சொற்களில் ஒன்பதுக்குச் சரி போடப்பட்டிருந்தது. ‘பள்ளத்தாக்கு’ என்பதற்கு நேரே அவள் எழுதியிருந்த ‘மலை’ மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘சமவெளி’ என்று எழுதப்பட்டிருந்தது. விடுமுறை முடிந்து போகும்போது அதைப் பத்து முறை எழுதிக்கொண்டு போக வேண்டுமாம். “மலை ஏன் தப்பு, ஆயா?” என்று கேட்டாள். 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு உடனே விடை சொல்ல வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தயக்கத்திலிருந்துதான் எங்கள் வளவில் மூன்று வாரம் நடந்த மண்வேலை தொடங்கியது.

முதலில், சிவப்பு மை எழுதிய விடையை நான் ஏற்கவில்லை. பாடநூலில் அதே பிள்ளைகள் ‘சிந்து சமவெளி நாகரிகம்’ என்று படிக்கிறார்கள்; ஆங்கிலத்தில் அந்த நாகரிகத்தின் பெயர் சிந்துப் பள்ளத்தாக்கு என்ற பொருளில்தான் வழங்குகிறது. ஒரே நிலத்தை ஒரு மொழி பள்ளத்தாக்கு என்றும் மறுமொழி சமவெளி என்றும் அழைக்க முடியுமானால், அவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க முடியாது. தேனிப் பக்கம் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கின் தரை முழுவதும் நெல்வயலும் திராட்சைத் தோட்டமுமாகப் பரந்து கிடப்பதைப் பார்த்தால், சமவெளி என்பது பள்ளத்தாக்கின் உள்ளேயே இருக்கக்கூடியது என்று தெரிந்துவிடும்.

ஆனால் பேத்தி எழுதிய ‘மலை’யும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. இருபுறமும் மலை இருந்தால்தான் நடுவில் பள்ளத்தாக்கு உண்டு. மலை அதன் எதிரியல்ல, அதன் சுவர். மலையை எதிர்ச்சொல்லாக வைப்பது, அறைக்கு எதிர்ச்சொல் சுவர் என்று சொல்வதைப் போன்றது.

பள்ளம் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. எங்கள் ஊரின் பெயரிலேயே பள்ளம் இருக்கிறது. காரைக்குடிக்கு மேற்கே முருகன் கோயில் மலைமேல் நிற்கிற ஊரின் பெயரில் குன்று இருக்கிறது. பள்ளத்தூர், குன்றக்குடி என்ற இரண்டையும் ஒரே பேருந்துப் பலகையில் படித்துவிட்டுப் போகிறோமே தவிர, அவை ஒன்றுக்கொன்று எதிர்ச்சொற்கள் என்று நின்று யோசித்ததில்லை. கண்மாய்க் கரையில் தாழ்ந்த மடைக்குப் பள்ளமடை, உயர்ந்ததற்கு மேட்டுமடை என்று பெயர். கொங்கு நாட்டில் பள்ளம் என்றால் ஓடையையே குறிக்கும். குண்டேரிப்பள்ளம், வரட்டுப்பள்ளம் என்ற அணைகளின் பெயர்கள் அப்படி வந்தவை. பழந்தமிழில் இந்த இணை வேறு உருவில் இருந்தது: புறநானூற்றின் 187ஆம் பாட்டில் ஔவையார் நிலத்தைப் பார்த்து “அவலா கொன்றோ மிசையா கொன்றோ” என்று கேட்கிறார். அவல் பள்ளம், மிசை மேடு. இன்று அவல் என்றால் கிருஷ்ண ஜெயந்திக்கு வாங்குகிற அவல் மட்டுமே நினைவுக்கு வருகிறது. திசைப் பெயர்களிலும் இந்த மேடு பள்ளம் ஒளிந்திருக்கிறது. மேற்கே மலைத்தொடரும் கிழக்கே கடலுமாகச் சரியும் நாட்டில், மேல் இருந்து மேற்கும் கீழ் இருந்து கிழக்கும் பிறந்தன என்று கால்டுவெல் விளக்கியிருக்கிறார்.

ஆக, பள்ளத்திற்கு மேடு என்பதில் சிக்கல் ஏதுமில்லை. சிக்கல் ‘தாக்கு’ என்ற வாலில்தான் இருக்கிறது. தாக்கு என்பதற்கு இடம் என்றும் வயற்பகுதி என்றும் பொருள் உண்டு. அப்படிப் பார்த்தால் பள்ளத்தாக்கு என்பது தாழ்ந்து கிடக்கிற ஒரு நிலப்பகுதி, அதாவது குழியைப் போல ஓரிடத்தில் நின்றுவிடாமல் நீண்டு போவது. அந்த நீளத்திற்கு எதிர் எது என்பதைச் சொல்லால் விளக்கினால் ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பிடிபடாது. அவள் பள்ளத்தாக்கைப் பார்த்ததே இல்லை. செட்டிநாட்டில் காட்டவும் முடியாது. செம்மண்ணும் சரளையும் ஊரணியுமாகக் கிடக்கிற நிலத்தில் உயரமாகக் காட்டுவதற்குப் பிரான்மலை வரை போக வேண்டும். ஆகவே ஒன்றைச் செய்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

மாடியில் சும்மா கிடந்த பழைய தேக்குப் பெட்டி ஒன்றின் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டோம். உள்ளளவு 2 அடி நீளம், 1½ அடி அகலம், 5 அங்குல ஆழம். தடித்த பிளாஸ்டிக் தாளை உள்ளே விரித்து ஓரங்களைக் குண்டூசியால் பதித்தோம். வேளார் வீட்டிலிருந்து வாங்கிய களிமண் இரண்டு சட்டி. அதை ஒரு நாள் ஊறவைத்துக் காலால் மிதித்துப் பிசைந்து, நீளவாக்கில் இரண்டு மலைத்தொடர்களை எழுப்பினோம். மேற்கு முனையில் இரண்டும் சேரும்படியும், கிழக்கு முனை திறந்திருக்கும்படியும் அமைத்தோம். வடக்குத் தொடரின் நடுவில் ஒரு தாழ்வு விட்டு, அதன் மறுபக்கம் சிறியதாக இன்னொரு பள்ளத்தாக்கு வைத்தேன். அந்தத் தாழ்வுக்குப் பெயர் கணவாய் என்று சொன்னதும் பேத்தி விழித்தாள். அவளுக்குத் தெரிந்த கணவாய் மிளகும் சோம்பும் போட்டு அவள் அப்பத்தா வீட்டில் வறுக்கிற மீன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் கோயம்புத்தூரிலிருந்து கேரளத்துக்கு ரயில் போகிறது என்று சொல்லி, சொல் ஒன்று, பொருள் இரண்டு என்று புரியவைத்தேன்.

மறுநாள் காலையில் பார்த்தால் மலைகளில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வெறும் களிமண் காயும்போது சுருங்கும் என்பது தெரிந்திருந்தும் அவசரப்பட்டுவிட்டேன். எல்லாவற்றையும் உடைத்து, இரண்டு சட்டிக் களிமண்ணுக்கு ஒரு சட்டி சலித்த ஆற்றுமணலும் ஒரு கைப்பிடி நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மீண்டும் பிசைந்தோம். ஈரத்துணி போர்த்தி நிழலில் மூன்று நாள் மெதுவாக உலரவிட்டதில் இரண்டு மயிர்க்கோடுகளைத் தவிர வெடிப்பு இல்லை.

அடுத்த பிழையைக் கண்டுபிடித்தவர் கொத்தனார். பின்கட்டில் ஓடு மாற்ற வந்திருந்தவர், நாங்கள் மேற்கு முனையில் ஒரு செம்பு நீரை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீர் பள்ளத்தாக்கின் நடுவில் போய்த் தேங்கி நின்றுவிட்டது.

“ஆச்சி, இது பள்ளத்தாக்கு இல்லீங்க, தொட்டி. வாட்டமே விடலையே!”

கட்டட வேலையில் தளத்துக்குக் கொடுக்கிற சரிவுக்கு வாட்டம் என்று பெயர். மொட்டை மாடியில் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் விட்டால் மழைநீர் தேங்காமல் ஓடிவிடும் என்பது அவர் கணக்கு. இலக்கியத்தில் வாடிப்போனதைச் சொல்லும் அதே சொல்லை, ஒரு கொத்தனார் நீர் ஓடுவதற்காகப் பயன்படுத்துவதை நான் அன்றுதான் கவனித்துக் கேட்டேன். அவர் ஒரே வரியில் சொன்னதில் என் அரைநாள் பாடம் அடங்கியிருந்தது: நீரைத் தன்னிடமே வைத்துக்கொள்வது குழி, ஊரணி, தொட்டி; நீரைச் சேர்த்துக் கீழே அனுப்புவது பள்ளத்தாக்கு. பள்ளமாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு பக்கம் வாய் திறந்திருக்க வேண்டும். கொத்தனார் தம் மட்டக்குழாயைக் கொண்டுவந்து இரு முனைகளையும் பார்த்து, மேற்கிலிருந்து கிழக்கே ஓரங்குலம் இறங்கும்படி அடித்தளத்தைச் சீவிவிட்டார். பெட்டியின் கிழக்குப் பலகையில் அடிமட்டத்தில் ஒரு துளையும் போட்டுக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை, காப்பியும் சீடையும் வாங்கிக்கொண்டார். சீவிய இடங்களைப் பூசிச் சரிசெய்து காயவைத்த பிறகு, நீரில் கரையாமலிருக்க முழு உருவத்தின் மேலும் சிமெண்ட் பாலைத் தூரிகையால் இரண்டு முறை தடவினேன்.

அதன் பிறகு உயரக் கோடுகள் போட முயன்றோம். பெட்டியில் அரை அங்குலம் அரை அங்குலமாக நீர் நிரப்பி, ஒவ்வொரு முறையும் நீரின் ஓரத்தில் காவிப் பொடியால் கோடு இழுப்பது என் திட்டம். நீர்மட்டம் எங்கும் ஒரே உயரத்தில் இருக்கும் என்பதால் அந்தக் கோடு நெடுகிலும் ஒரே உயரத்தைக் காட்டும். நில வரைபடங்களில் இருக்கும் சமஉயரக் கோடு இதுவேதான். மூன்றாவது முறை நிரப்பியபோது முதல் இரண்டு கோடுகளும் நீருக்குள் போய்க் கலைந்திருந்தன. நாற்பது ஆண்டுகளாக வாசலில் கோலம் போடுகிற கை, இந்தச் சின்ன விஷயத்தை முன்கூட்டியே யோசிக்கவில்லை. முறையைத் திருப்பினோம். துளையைத் துணியால் அடைத்துப் பெட்டியை 4 அங்குலம் வரை நிரப்பி, பிறகு அடைப்பைத் தளர்த்தி அரை அங்குலம் வடியவிட்டு, ஈரம் காயாத விளிம்பில் காவியைக் கிள்ளி வைத்தபடியே வந்தோம். பேத்தி அடிக்கோலால் அளந்து ‘நில்’ என்பாள். நான் கோடு இழுப்பேன். எட்டுக் கோடுகள் போட ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. வடிந்து முடிந்ததும் மேலிருந்து பார்த்தால், பள்ளத்தாக்கில் ஒவ்வொரு கோடும் ஆட்டுக்கொம்பு போல வளைந்து, அதன் கூர்முனை நீர் வருகிற மேற்குப் பக்கத்தை, அதாவது உயரத்தை நோக்கியிருந்தது.

அன்று இரவு படுத்துக்கொண்டே யோசித்தபோதுதான், எதிரைத் தேடுவதற்குச் சரியான வழி இந்த உருவத்தை அச்செடுப்பது என்று தோன்றியது. மேடெல்லாம் பள்ளமாகவும் பள்ளமெல்லாம் மேடாகவும் மாறிய அச்சில், பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் எது இருக்கிறதோ அதுதான் அதன் எதிர். பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் குழம்பை ஊற்றித் தரையில் பதிக்கும் பூக்கல் அச்சிடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். ஆனாலும் வார்ப்பு எனக்குக் கைப்பழக்கமில்லை, முதல் அச்சு பாழானது. சோப்புக் கரைசலும் கடலை எண்ணெயும் தடவிவிட்டு, இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆப் பாரிஸ் மாவுக்கு ஒரு பங்கு நீர் என்ற கணக்கில் கரைத்து ஊற்றினேன். பத்து நிமிடத்தில் இறுகத் தொடங்கி, கை வைத்தால் சூடு தெரிந்தது. இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கினால் வரவில்லை. அழுத்திப் பெயர்த்ததில் தெற்குத் தொடரின் ஒரு பகுதியோடு அச்சு இரண்டாக உடைந்தது. காரணம் பார்த்தால், அந்த மலைச்சரிவு உச்சியில் முன்னால் துருத்தி, கீழே உள்வாங்கியிருந்தது. அந்த உள்வாங்கலுக்குள் பிளாஸ்டர் புகுந்து கொக்கி போலப் பிடித்துக்கொண்டது. செய்து பார்க்க நினைப்பவர்கள் எல்லாச் சரிவும் மேலே விரிந்தபடியே இருக்கிறதா என்று அச்சுக்கு முன் விரலால் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.

சரிவுகளைத் திருத்தி, கலைந்த கோடுகளைப் புதுப்பித்து, இரண்டாம் முறை முழுவதையும் ஊற்றி நிரப்பாமல், ஓரங்குலக் கனத்திற்கு மட்டும் பூசி, இடையில் தேங்காய் நாரும் சாக்குத் துண்டும் வைத்தோம். மாவு 8 கிலோ செலவாயிற்று. மறுநாள் காலை கொத்தனாரும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கவிழ்த்தோம். நீரில் நனைந்த பானை உடையும் ஓசை போல ஒரு சிறு ஒலி மட்டும் கேட்டது. அச்சு முழுதாக வந்துவிட்டது. காவிக் கோடுகளும் வெள்ளைப் பரப்பில் மங்கலாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தன.

பேத்தி முதலில் கண்டுபிடித்தது நான் எதிர்பார்க்காத ஒன்றை. “ஆயா, நம்ம ஓடை இடது பக்கம்தானே வளைஞ்சுது, இதில வலது பக்கம் போகுது.” அச்சில் இடவலமும் மாறிவிடும். அதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால், பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் நீளமான ஒரு முதுகு எழுந்து நின்றது. பக்கவாட்டில் வந்து சேர்ந்த சிற்றோடைகள் அந்த முதுகிலிருந்து பிரிந்து இறங்கும் விலா எலும்புகளாக மாறியிருந்தன. அவள் விளையாட்டாகத் தென்கிழக்கு மூலையில் ஐந்து ரூபாய் நாணயத்தால் அழுத்தி வைத்திருந்த ஊரணி, குட்டிக் குன்றாக நின்றது. “பள்ளத்தூர் குன்றக்குடி ஆயிருச்சு” என்றாள்.

அந்த நீண்ட முதுகுக்குத் தமிழில் மலைமுகடு என்று பெயர் சொல்லலாம். கூரையின் இரு சரிவுகளும் கூடுகிற உச்சிக்கோட்டை முகடு என்றுதான் வீடு கட்டுகிறவர்கள் சொல்வார்கள். சிகரம் என்பது ஒரு புள்ளி, முகடு ஒரு கோடு. குழிக்குக் குன்று எதிராவது போல, நீண்டு கிடக்கிற தாழ்வுக்கு நீண்டு கிடக்கிற உயரமே எதிராக முடியும். இதை உறுதிப்படுத்திக்கொள்ளப் பூவாளியில் நீர் எடுத்து இரண்டின் மேலும் தெளித்தோம். மண் உருவத்தில் எங்கே தெளித்தாலும் நீர் நடுவுக்கு வந்து ஒரே தாரையாகத் துளை வழியே வெளியேறியது. அச்சில் முதுகின் மேல் விழுந்த துளிகள் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாகப் பிரிந்தன. பள்ளத்தாக்கு நீரைக் கூட்டுகிறது, முகடு பிரிக்கிறது. உருவில் மட்டுமன்றிச் செயலிலும் அவை எதிர். மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப முகட்டைக் குடைந்து சுரங்கம் வெட்ட வேண்டியிருந்தது என்பதையும், 1895 முதல் அந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையோடு சேர்ந்து நம் சிவகங்கைச் சீமையில் ஒரு பகுதி வரை வருகிறது என்பதையும் அப்போது சொன்னேன். காவிக் கோடுகள் அப்படியே இருந்தன. ஆனால் முன்பு உயரத்தை நோக்கிய கூர்முனைகள் இப்போது தாழ்வை நோக்கியிருந்தன.

கணவாயைத் தேடியபோதுதான் இருவரும் திகைத்தோம். அது இருந்த இடத்தில் மேடோ குன்றோ இல்லை. அங்கேயும் ஒரு கணவாய்தான் இருந்தது. சற்று நேரம் விரலை வைத்துத் தடவிப் பார்த்த பிறகு காரணம் புரிந்தது. மலைத்தொடரின் முதுகிலேயே நடந்து வருகிறவருக்குக் கணவாய் மிகத் தாழ்ந்த இடம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மறு பள்ளத்தாக்கிற்கு ஏறிக் கடக்கிறவருக்கோ அதுவே மிக உயர்ந்த இடம். கவிழ்த்தால் இவ்விருவரின் பார்வையும் இடம் மாறிக்கொள்கின்றனவே தவிர, வடிவம் மாறுவதில்லை. குதிரைச் சேணத்தைப் புரட்டிப் போட்டாலும் அது சேணம் போலவே வளைந்திருப்பதைப் போல, கணவாய்க்கு எதிர் கணவாயேதான். இலக்கண வகுப்பில் இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு சொல்லை நான் சந்தித்ததில்லை.

இவையெல்லாம் நிலத்தைக் குறிக்கும்போது மட்டும் பொருந்தும். வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தில் வருகிற ‘மரண இருளின் பள்ளத்தாக்கு’ போன்ற இடத்தில் முகட்டை எதிராக வைத்தால் நகைப்புக்கு இடமாகும்; அங்கே எதிர் நிற்பது வெளிச்சம். வாழ்க்கையில் மேடு பள்ளம் என்கிறபோது தாழ்வுக்கு உயர்வு எதிராகிறது. சொல் எந்த வேலை செய்கிறது என்று தெரியாமல் அதற்கு ஒரே ஓர் எதிரைக் கேட்கிற பயிற்சித்தாள்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு; நானும் அப்படிப்பட்ட தாள்களைத் தயாரித்தவள்தான்.

பேத்தி பயிற்சித்தாளின் பின்பக்கத்தில் ‘சமவெளி’யைப் பத்து முறை எழுதவில்லை. பள்ளம் – மேடு, குழி – குன்று, பள்ளத்தாக்கு – மலைமுகடு, கணவாய் – கணவாய் என்று நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு போனாள். பள்ளி திறந்த மறு வாரம் தாள் திரும்பி வந்தது. மூன்று வரிகளுக்குச் சரி, நான்காவதுக்குப் பெரிய கேள்விக்குறி. அச்சைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று தொலைபேசியில் அடம்பிடித்தாள். பேருந்தில் எடுத்துப் போகிற பொருளா அது? கொத்தனாரை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, வளவு வாசலில் வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில் கணவாய் தெளிவாகத் தெரியும்படி மூன்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.